ஹோம்ஸ்கூலிங்கா, பள்ளியா, இரண்டும் கலந்தா: முடிவெடுப்பதற்கு முன் சில நேரடிப் பதில்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். சட்டம் இடம் கொடுக்குமா, பின்னால் காலேஜில் சேர முடியுமா. இரண்டுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வார நாள் காலையில், போனும் லேப்டாப்பும் கையில் இல்லாமல், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரப் போகிற பெரியவர் யார்? அவர் பெயரைச் சொல்ல முடிந்தால், அவரும் மனதாரச் சம்மதித்தால், மற்ற எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் எவ்வளவு அருமையான பாடத்திட்டம் வாங்கினாலும் அது அலமாரியில்தான் கிடக்கும்.

எங்கள் வீட்டில் மூத்தவள் சில வருடங்கள் வீட்டில் படித்துவிட்டுப் பிறகு பள்ளிக்குப் போனாள், சின்னவன் தொடக்கத்திலிருந்தே பள்ளிதான். அதனால் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் எங்களிடம் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்களில் சிலர் அதைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த விடுதலை என்கிறார்கள், சிலர் பிள்ளையின் வாழ்க்கையைப் பாழாக்குகிற வேலை என்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது முடிவெடுக்க வேண்டிய பெற்றோர்தான். இருக்கிற வழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது யாருக்குப் பொருந்தும், எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

எத்தனை வழிகள் இருக்கின்றன

ஹோம்ஸ்கூலிங் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல முறைகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் நேர அட்டவணை, பாடப்புத்தகம், வாரத் தேர்வு என்று பள்ளியையே சின்ன அளவில் நடத்துவார்கள். இன்னொரு வீட்டில் அட்டவணையே கிடையாது, பிள்ளைக்கு எதில் ஆர்வமோ அதன் பின்னாலேயே பெரியவர்களும் போவார்கள்; ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970களில் பிரபலமாக்கிய இந்த வழியைத்தான் அன்ஸ்கூலிங் என்கிறார்கள். மூன்றாவது, நாலைந்து குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, கணக்கு ஒருவர், அறிவியல் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது. நான்காவது, ஆன்லைன் பள்ளியில் முறையாகச் சேர்த்துவிடுவது. பிள்ளை வீட்டில் இருந்தாலும் பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் அந்தப் பள்ளியின் பொறுப்பு. ஐந்தாவது நாம் எல்லோரும் அறிந்த முழுநேரப் பள்ளி. யாரும் கணக்கில் சேர்க்காத ஆறாவது ஒன்றும் உண்டு: பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பிவிட்டு, பள்ளியில் கிடைக்காததை மட்டும் தினமும் கொஞ்ச நேரம் வீட்டில் கொடுப்பது. ஹோம்ஸ்கூலிங் பற்றி விசாரிக்கிற குடும்பங்களில் நிறையப் பேருக்கு இந்த ஆறாவதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே எடுத்துப் போட்டுவிடலாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது உலகமெங்கும் பள்ளிகள் மூடின, பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு "ஹோம்ஸ்கூலிங்கா, ஐயோ, அதான் பார்த்தோமே, போதும்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். அது ஹோம்ஸ்கூலிங் இல்லை, பள்ளி தன் வகுப்பறையைத் திரைக்குள் மாற்றியது, அவ்வளவுதான். அட்டவணை பள்ளியுடையது, வேகம் பள்ளியுடையது, மைக்கை அணைத்துவிட்டு உட்காரும் தனிமை மட்டும் பிள்ளையுடையது. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அந்தச் சமயத்தில் எடுத்த சர்வேயில், பள்ளி நடத்தும் ஆன்லைன் வகுப்பைச் சேர்க்கக் கூடாது என்று கேள்வியைத் தெளிவாக்கிய பிறகும், ஹோம்ஸ்கூலிங் செய்வதாகச் சொன்ன குடும்பங்கள் 5.4 சதவீதத்திலிருந்து சில மாதங்களில் 11.1 சதவீதமாகக் கூடியிருந்தன. அதாவது திரைவகுப்பைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, அதைப் பார்த்துவிட்டே வீட்டுக் கல்விக்கு வந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்

வேறு நாட்டில் இருக்கும் உறவினர் "இங்கே எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்வதை வைத்து எதையும் தொடங்காதீர்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். ஒரு குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் 2019இல் தீர்ப்பு அரசின் பக்கமே வந்தது. ஸ்வீடனில் 2010ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு விசேஷக் காரணம் இருந்தால்தான் அனுமதி. பிரான்ஸில் முன்பு தகவல் சொன்னால் போதும் என்று இருந்தது, 2022 கல்வியாண்டிலிருந்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இங்கிலாந்தின் 1996 கல்விச் சட்டமோ, பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் "பள்ளியிலோ வேறு வகையிலோ" கொடுப்பது பெற்றோரின் கடமை என்கிறது, அந்த "வேறு வகை"தான் வீட்டுக் கல்விக்கான வாசல். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செய்யலாம், ஆனால் சில மாநிலங்களில் யாருக்கும் தகவல்கூடச் சொல்ல வேண்டாம், நியூயார்க், பென்சில்வேனியா போன்ற இடங்களில் வருடா வருடம் மதிப்பீடு காட்ட வேண்டும். சிங்கப்பூரில் கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு வாங்கினால்தான் முடியும், தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வையும் பிள்ளை எழுதித் தேற வேண்டும். இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது, வீட்டுக் கல்விக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. சான்றிதழுக்குப் பெரும்பாலானவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியாகவோ வெளிநாட்டுத் தேர்வு வாரியங்கள் வழியாகவோ போகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் இப்போது வசிக்கும் இடத்தின் விதியை அரசுப் பக்கத்திலேயே படிப்பது. மாற்றல் வரக்கூடிய வேலையில் இருப்பவர்கள் அடுத்து போகக்கூடிய நாட்டின் விதியையும் சேர்த்துப் படித்துவிட வேண்டும்.

"நான் டீச்சர் இல்லையே"

எனக்கு வருகிற கேள்விகளில் அதிகம் வருவது இதுதான். தொடக்க வயதைப் பொறுத்தவரை பதில் எளிது: பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று சொல்லும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்தப் பதிலுக்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், சரியான முறை போர்டில் எழுதப்படும், பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும், மறுநாள் அடுத்த பாடம். வீட்டில் அப்படிப் போக வேண்டியதில்லை. ஒரே நீளத்தில் மூன்று காகிதப் பட்டைகளை வெட்டி, ஒன்றை இரண்டாகவும் ஒன்றை மூன்றாகவும் ஒன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொல்லலாம். ஐந்தில் இரண்டு பாகத்தை அரைப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து, எது பெரிசு என்று கேட்கலாம். அரைதான் பெரிசு என்று பிள்ளை சொல்லும். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, அப்புறம் எப்படி அரையைவிடக் குறைஞ்சுது?" அந்தக் கேள்விக்குப் பிள்ளை பேசாமல் பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மௌனத்தை யாரும் அவசரப்படுத்தாமல் விட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, முதல் இரண்டு பட்டைகளையும் ஆறாக மடித்தால் அரையில் மூன்று, மூன்றில் ஒன்றில் இரண்டு, ஆக ஆறில் ஐந்து என்று அதுவே வந்து சேரும். முக்கால் மணி நேரம் போயிருக்கும், அன்றைக்கு வேறு எதுவும் நடந்திருக்காது, பரவாயில்லை. வீட்டுக் கல்வியின் பெரிய லாபமே இதுதான்.

ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பதன் பலத்தைப் பற்றி ஆய்வும் உண்டு. பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர் 1984இல், தனியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பு மாணவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிட்டதாக எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை, இருந்தாலும் தனிப்பயிற்சியால் பலன் உண்டு என்பது நின்றது. ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், அப்பா அம்மாக்கள் இல்லை. அந்த எண்ணை அப்படியே தூக்கி வீட்டுக் கல்விக்கு விளம்பரமாக்குவது சரியில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை ஹோம்ஸ்கூலிங் ஆதரவாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிள்ளை எழுதிய கட்டுரையைப் பெற்றோர் படிக்கும்போது, எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்துவிடுகிறார்கள். "அவன் வந்து அவனிடம் கொடுத்தான், அப்புறம் அவன் கோபப்பட்டான்" என்று எழுதியிருக்கும். எந்த அவன் யார் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கதையை நேற்று ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறோம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். பிள்ளையை அறியாத ஒரு ஆசிரியர் படித்திருந்தால் மூன்று இடத்தில் "யார்?" என்று எழுதியிருப்பார். கணக்கில் தெரிகிற தப்பு கண்ணில் பட்டுவிடும், எழுத்தில் இருக்கிற ஓட்டை அன்பில் மறைந்துவிடும். ஆகவே வீட்டில் படிக்க வைப்பவர்கள் பிள்ளையின் எழுத்தை மாதம் ஒரு முறையாவது வெளி ஆள் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுக்கிறவராக அவர் இருக்கக் கூடாது.

பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு மேல் கதை மாறும். அல்ஜீப்ராவும் வேதியியலும் வரும்போது பெரும்பாலான பெற்றோரால் தனியாகச் சமாளிக்க முடியாது, டியூஷனோ ஆன்லைன் வகுப்போ பிற குடும்பங்களோ துணைக்கு வந்தாக வேண்டும். "கூடவே நானும் கற்றுக்கொள்வேன்" என்பது அழகான எண்ணம், சில வீடுகளில் உண்மையாகவே நடக்கிறது, ஆனால் வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு மூன்று பாடங்களை அப்படிக் கற்றுக்கொள்வது யாராலும் நீண்ட நாள் முடிகிற காரியமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்

பள்ளியில் ஆறேழு மணி நேரம் இருக்கிறார்களே, வீட்டிலும் அவ்வளவு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பள்ளி நேரத்தில் வருகைப் பதிவு, வரிசை, அறை மாற்றம், மற்றவர் முடிக்கும் வரை காத்திருப்பது எல்லாம் அடக்கம். சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இரண்டு மணி நேரம் தாராளம், மீதி நாள் படிப்பது, விளையாடுவது, எதையாவது பிரித்துப் போட்டுச் சேர்ப்பது. பள்ளியிலிருந்து நடுவில் நிறுத்திய பிள்ளையாக இருந்தால் முதல் சில வாரங்கள் எதிலும் ஒட்டாது, சும்மா சுற்றும். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று இந்த வட்டத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அனுபவத்தில் வந்த கணக்குதான், ஆய்வில் வந்ததில்லை, ஆனாலும் பதறாமல் இருக்க உதவும்.

"நாலு பேரோட பழக வேண்டாமா?"

வேண்டும். ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருப்பார்கள், உடனே விளையாட்டுக் குழு, இசை வகுப்பு, நூலகம் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். பட்டியல் உண்மைதான், அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட பிள்ளை என்ற சித்திரம் பெரும்பாலும் பொய். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நண்பர்கள் கிடைப்பது ஒன்று, நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு நாளெல்லாம் இருக்கப் பழகுவது வேறொன்று. இரண்டாவதைப் பள்ளி தானாகவே கொடுத்துவிடும். பென்சிலைத் திருப்பித் தராதவன், எப்போதும் முந்திக்கொள்கிறவள், வேறு மாதிரி வீட்டிலிருந்து வேறு மாதிரிப் பேச்சோடு வருகிற பிள்ளை, எல்லோரும் ஒரே பெஞ்சில். வீட்டில் படிக்கும் பிள்ளை சந்திக்கிற குடும்பங்களை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், தேர்ந்தெடுக்கும்போது நம்மைப் போன்றவர்களையே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். வீட்டுக் கல்வியில் நான் பார்த்த உண்மையான இழப்பு இது. சரிக்கட்டலாம், ஆனால் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும், தானாக நடக்காது.

வயதும் முக்கியம். ஆறு, ஏழு வயதில் இரண்டு மூன்று தோழர்கள் போதும். பதினொன்று, பன்னிரண்டு ஆகும்போது ஒத்த வயதுக் கூட்டம் பிள்ளைக்கு அவசியமாகிவிடுகிறது. எங்கள் மூத்தவள் அந்தக் கட்டத்தில்தான் தானாகவே பள்ளிக்குப் போகிறேன் என்றாள், சேர்த்தோம், அதை வீட்டுக் கல்வியின் தோல்வியாக நாங்கள் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம், பள்ளியில் தினமும் அடியும் கேலியும் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளையிடம் "நாலு பேரோட பழகு" என்று சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு முதலில் அந்த நாலு பேரிடமிருந்து விலகி நிற்க ஒரு இடம் வேண்டும்.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளையைக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் பெரியவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பிள்ளை வாடினாலோ, காயத்தோடு வந்தாலோ, பேச்சு நின்றாலோ யாராவது ஒருவர் கண்ணில் படும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கும் அப்படி மனம்விட்டுப் பேச, வாரம் தவறாமல் பார்க்க, வெளி ஆள் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எதுவும் தப்பாக இல்லையென்றாலும் வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மேலேயே பிள்ளைக்கு வருத்தம் இருந்தால் அதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

படிக்கத் திணறுகிற பிள்ளைகள்

அன்ஸ்கூலிங்கில் எனக்கு உறுத்துகிற இடம் வாசிப்பு. "நேரம் வரும்போது தானாக வாசிக்கும்" என்று சொல்லி ஏழு, எட்டு வயது வரை காத்திருக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அப்படி வந்தும்விடுகிறது. ஆனால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு இருக்கிற பிள்ளைக்குத் தானாக வராது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாக, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும், அதுவும் சீக்கிரம் தொடங்கினால் நல்லது. காத்திருந்த வருடங்கள் அந்தப் பிள்ளைக்குக் கெடுதலாக முடியும். வீட்டில் எந்த முறையைப் பின்பற்றினாலும் சரி, ஏழு வயதில் வாசிப்பு தட்டுத் தடுமாறினால் நிபுணரிடம் காட்டிவிடுங்கள். ஆட்டிசம், கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சத்தமும் கூட்டமும் இல்லாத வீடு பெரிய நிம்மதி, சில பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் படிக்கவே தொடங்குகிறார்கள். அதே சமயம், சிறப்பு ஆசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் உள்ள நல்ல பள்ளி கிடைத்தால் அதை விட்டுவிட்டு வருவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும், அவ்வளவையும் ஒரு பெற்றோர் தன் தோளில் சுமக்க முடியாது.

தேர்வு, சான்றிதழ், காலேஜ்

காலேஜில் சேர முடியாது என்பது பொதுவாகத் தவறு. அங்கீகாரம் பெற்ற வாரியத்தின் தேர்வைத் தனித்தேர்வராக எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்களைப் பெரும்பாலான இடங்களில் மற்றவர்களைப் போலவே எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் வரும். தேர்வு மையம் தனித்தேர்வரை ஏற்க வேண்டும், அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு ஆய்வகம் வேண்டும், குறைந்தபட்ச வயது இருக்கும். என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் வாரியம் பத்தாம் வகுப்பு அளவில் நடத்தும் ஐஜிசிஎஸ்இ தேர்வின் அறிவியல் பாடங்களில் செய்முறைக்குப் பதிலாக ஒரு எழுத்துத் தாளைத் தேர்ந்தெடுக்க வழி இருப்பதால் வீட்டில் படிக்கிறவர்கள் அதை விரும்புகிறார்கள். மேற்படிப்புக்குப் போக நினைக்கும் படிப்பு எந்தப் பாடங்களை, எந்த வாரியத்தை ஏற்கிறது என்பதைப் பதினேழு வயதில் விசாரித்தால் காலம் கடந்துவிடும். பன்னிரண்டில் விசாரியுங்கள், அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள்.

இதையெல்லாம் யோசிக்கும்போது ஆன்லைன் பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது, சான்றிதழ் கவலை குறைவு. ஆனால் அந்தப் பள்ளிக்கு உண்மையில் எந்த வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்பதை வாரியத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை நாள் முழுக்கத் திரையில் உட்கார வைப்பதற்குப் பள்ளியும் தேவலை, வீடும் தேவலை என்பேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

"ஆய்வுப்படி வீட்டில் படித்தவர்களே அதிக மதிப்பெண்" என்ற செய்தி அடிக்கடி சுற்றும். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற பெரிய ஆய்வுகளில் ஒன்று 1999இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ருட்னர் செய்தது, 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்து. மதிப்பெண்கள் உயர்வாகத்தான் இருந்தன. ஆனால் அதில் இருந்தவர்கள் தாங்களாகப் பணம் கட்டித் தேர்வு எழுதிய, பெரும்பாலும் நன்கு படித்த குடும்பங்கள். இதை வைத்து வீடு பள்ளியைவிட மேல் என்று முடிவு கட்ட முடியாது என்று ருட்னரே எழுதினார். 2011இல் கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங் குழு 37 வீட்டுக் கல்விப் பிள்ளைகளையும் 37 பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. ஒழுங்கான பாடத்திட்டத்தோடு வீட்டில் படித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள், திட்டமே இல்லாமல் படித்த 12 பேர் பின்தங்கினார்கள். மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் வீடா பள்ளியா என்பதைவிட வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதே பெரிது என்று எனக்குப் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதேபோல எடிசன், தாகூர் என்று பெயர்களை அடுக்குவதும் பயனில்லை. எடிசனுக்குச் சொல்லிக்கொடுத்த அவருடைய அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் வீட்டில் ஆசிரியர்களிடம் படித்த தாகூர், 1901இல் சாந்திநிகேதனில் தொடங்கியது ஒரு பள்ளியைத்தான். எனக்குப் பிடித்த உதாரணம் மேரி கியூரி. மகள் ஐரீனுக்காகவும் நண்பர்களின் பிள்ளைகளுக்காகவும் பாரிஸில் சில விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு கூட்டு வகுப்பு நடத்தினார்கள், கியூரி இயற்பியல், பெர்ரன் வேதியியல், லான்ஜெவன் கணக்கு. சுமார் இரண்டு வருடம்தான் அது நடந்தது. பிறகு ஐரீன் வழக்கமான பள்ளிக்குப் போனார், 1935இல் கணவரோடு சேர்ந்து வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கினார். அவ்வளவு பெரிய ஆட்களாலேயே அதற்கு மேல் நடத்த முடியவில்லை என்பதைக் கவனியுங்கள், அந்த இரண்டு வருடம் வீணாகவும் போகவில்லை.

யார் நேரம், யார் சம்பளம்

இப்போது முதல் கேள்விக்கே வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெரியவர் அம்மாதான். முடிவு இரண்டு பேரும் சேர்ந்து எடுத்ததாக இருக்கும், வேலையை விடுவது ஒருவராக இருக்கும். சம்பளம் போகும், பதவி உயர்வு போகும், ஓய்வுகாலச் சேமிப்பு நிற்கும், ஐந்தாறு வருடம் கழித்துத் திரும்ப வேலை தேடினால் கீழிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பள்ளிக் கட்டணம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். அப்பா வாரத்தில் எந்தெந்த நாள், எந்தப் பாடம் என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். அம்மாவுக்கு வீட்டை விட்டு வெளியே தனக்கென்று நேரம் இருக்கட்டும். நாளெல்லாம் அம்மாவாகவும் டீச்சராகவும் இருப்பதில் வருகிற களைப்பு சாதாரணமானதில்லை, அந்தக் களைப்பு கடைசியில் பிள்ளை மேல் கோபமாகத்தான் இறங்கும்.

சரி, யாருக்கு எது

உங்களுக்குப் பிரச்சினை ஒரு ஆசிரியரோடா, ஒரு வகுப்போடா, அந்த ஒரு பள்ளியோடா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றோடுதான் என்றால் பள்ளியை மாற்றுவதுதான் முதல் வழி, வீட்டுக் கல்வி இல்லை. பள்ளி பரவாயில்லை, ஆனால் பாடம் மேலோட்டமாகப் போகிறது என்பது மட்டும் குறை என்றால் பள்ளியில் விட்டுவிட்டு, தினம் முக்கால் மணி நேரம் மேலே சொன்ன காகிதப் பட்டை மாதிரி ஏதாவது ஒன்றை வீட்டில் செய்யுங்கள், அதற்கே பெரிய பலன் கிடைக்கும்.

பிள்ளை பத்து வயதுக்குள், வீட்டில் மனமுவந்து நேரம் தரும் ஒருவர், சட்டம் தடையில்லை, அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் என்றால் பாடத்திட்டத்தோடு கூடிய வீட்டுக் கல்வியைத் தைரியமாகத் தொடங்கலாம். ஒரே ஒரு வருடத்துக்கு என்று தொடங்குங்கள். பிள்ளை செய்த வேலைகளைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள், திரும்பப் பள்ளியில் சேர்க்கும்போது எந்த வகுப்பு என்று முடிவு செய்ய அது உதவும். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். வருடம் முடிந்ததும் பிள்ளையையும் உட்கார வைத்து, தொடரலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

பதின்வயதில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூட்டு வகுப்பையோ அங்கீகாரமுள்ள ஆன்லைன் பள்ளியையோ சேர்த்துக்கொண்டே தொடங்குவது நல்லது. இருவரும் முழுநேர வேலையில் இருந்துகொண்டு, பிள்ளை தானாகப் படித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஹோம்ஸ்கூலிங் தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இப்போது வேண்டாம். கிடைப்பதில் நல்ல பள்ளியாகப் பார்த்துப் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், சாயங்காலம் பிள்ளையோடு உட்காருங்கள். ஒருவருக்கு வேலை நேரம் குறைகிற காலம் வந்தால் அப்போது மறுபடி யோசிக்கலாம்.